காற்று எதிரே வீசும்போது வார்டு தேர்தல்: பேரூராட்சி கவுன்சிலருக்கு நிற்பவர்கள் கவனிக்க

2022 பிப்ரவரி 22 காலை பத்தரை மணிக்கு என் அண்ணி 14 ஓட்டில் தோற்றார். வார்டில் மொத்த ஓட்டு 1,012. பதிவானது 768. ஜெயித்தவருக்கு 341, அண்ணிக்கு 327, மிச்சம் இரண்டு சுயேச்சைகளுக்கு. 21 மாநகராட்சிகளையும் ஆளுங்கட்சிக் கூட்டணி ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போன தேர்தல் அது. நாங்கள் எதிர்ப்பக்கம். "இந்தக் காத்துல 327 வாங்கினதே பெருசு தம்பி" என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. அந்த 14 ஓட்டு காற்றில் போகவில்லை, எங்கள் அசட்டையில் போனது. எந்தத் தெருவில், எந்தக் கிழமையில் போனது என்று நோட்டைப் பிரித்துக் காட்ட என்னால் முடியும்.

அண்ணியின் தலைமை ஏஜெண்டாக நான் பட்டதை வைத்து இதை எழுதுகிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். இன்று உங்களுக்கு எதிராக வீசுவது நாளை இன்னொருவருக்கு எதிராக வீசும்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். கிராம ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே இந்தத் தலைவலியில் பாதி இல்லை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் கட்சி அடிப்படையில் நடப்பவை. அடுத்தது, நான் சொல்லும் தொகைகளும் தேதிகளும் 2022 தேர்தலுக்கானவை. அதன்பின் நகர்ப்புற அமைப்புகளுக்கான 1998-ம் ஆண்டுச் சட்டம், 2023 விதிகளோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே மாநிலத் தேர்தல் ஆணையத்தின் புது அறிவிப்பையும் வேட்பாளர் கையேட்டையும் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. நிற்பதா வேண்டாமா: முதலில் கணக்கு

"ஊரே நம்ம பக்கம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். "இந்த முறை நமக்கு சான்ஸே இல்லை" என்பவரையும் நம்பாதீர்கள். இருவருமே டிவி பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். வார்டு தேர்தலில் நாற்பது வீடு இந்தப் பக்கம் சாய்ந்தால் முடிவு மாறிவிடும்.

பெரிய நோட்டு ஒன்று வாங்குங்கள். தெருவுக்கு இரண்டு பக்கம், வீட்டுக்கு ஒரு வரி. கதவு எண், எத்தனை ஓட்டு, யார் சொன்னால் அந்த வீடு கேட்கும், கடைசியாக ஒரு குறி. நாங்கள் நான்கு குறி வைத்திருந்தோம்: நம்ம வீடு, அவங்க வீடு, மதில் மேல், வெளியூர். மூன்று வாரம் மாலை நேரத்தில் உட்கார்ந்து நிரப்பியதில் கிடைத்தது இது. நம்ம வீடு 205 ஓட்டு. அவங்க வீடு 290. மதில் மேல் 240. வெளியூர் 110. மிச்சம் 167 பேர் இறந்தவர்கள், கட்டிக்கொடுத்துப் போனவர்கள், வீடு மாறியும் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள்.

2022-ல் பேரூராட்சிகளில் பதிவானது ஏறக்குறைய 75 விழுக்காடு. மாநகராட்சிகளில் 52-தான். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்: பேரூராட்சியில் மக்கள் வந்து போடுகிறார்கள். எங்கள் வார்டுக்கு 75 என்று வைத்தால் 760 ஓட்டு விழும். நேருக்கு நேர் போட்டி, சுயேச்சைகள் கொஞ்சம் பிரிப்பார்கள் என்று பார்த்தால் 350 தொட்டால் ஜெயம். கையில் 205. ஆக 240 மதில் மேல் ஓட்டில் 145 வேண்டும். கஷ்டம்தான், ஆனால் எட்டாத எண் இல்லை. உங்கள் நோட்டில் இந்தக் கடைசி எண், மதில் மேல் ஓட்டு அத்தனையையும் வாங்கினாலும் போதாது என்று வந்தால், பணத்தையும் உடம்பையும் வீணாக்காதீர்கள். அடுத்த முறைக்கு இப்போதே வேலை தொடங்குவது மேல்.

நோட்டை நிரப்பும்போது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். சிரித்துப் பேசி காபி கொடுத்த வீட்டையெல்லாம் "நம்ம வீடு" என்று எழுதினோம். காபி எல்லாருக்கும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

2. வாக்காளர் பட்டியல்: எங்களைத் தோற்கடித்தது இதுதான்

உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்துத் தயாராவது. பிரிக்கும் இடத்தில்தான் பிசகு நடக்கும். எங்கள் வார்டின் கடைசித் தெருவில் வாய்க்காலை ஒட்டிய 7 வீடுகள், 22 ஓட்டு, பக்கத்து வார்டுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்த ஏழில் ஐந்து "நம்ம வீடு". வரைவுப் பட்டியலைப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், எங்கள் தெருவை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்! பூத் ஸ்லிப் எழுத உட்கார்ந்த ராத்திரிதான் தெரிந்தது. அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்:

வரைவுப் பட்டியல் வெளியானதுமே பக்கக் கணக்கில் பணம் கட்டி நகல் வாங்குங்கள். உங்கள் வார்டுக்கு மட்டுமல்ல, எல்லையைத் தொடும் வார்டுகளுக்கும் சேர்த்து. ஜெராக்ஸும் சேர்த்து எங்களுக்கு 640 ரூபாய் ஆனது.

எல்லைத் தெருக்களில் கதவு எண்ணை வைத்து நடந்து பாருங்கள். தவறு இருந்தால் ஆட்சேபணைக்குக் கொடுத்த நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் நடக்காது.

பெயரே இல்லாதவர்களுக்கு வேறு வழி. அவர்கள் முதலில் சட்டமன்றப் பட்டியலில் சேர வேண்டும்: புதிதாகச் சேர்க்க படிவம் 6, முகவரி மாற்ற அல்லது திருத்த படிவம் 8. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடினால் கைக்கு எட்டாது. பதினெட்டு முடிந்த பிள்ளைகள் உள்ள "நம்ம வீடுகளை" முதலில் பிடியுங்கள்.

அப்படியே வார்டு ஒதுக்கீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. சுழற்சியில் உங்கள் வார்டு எந்தப் பிரிவுக்குப் போகிறது என்பது அரசிதழில் வரும்வரை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் வார்டில் இரண்டு வருடம் துண்டு போட்டு வைத்திருந்த ஒருவர், "பெண்கள் பொது" என்று வந்ததும் அன்று மாலையே ஊரை விட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

3. கட்சிச் சின்னமா, சுயேச்சையா

காற்று எதிரே இருக்கும்போது எல்லாரும் கேட்பது: "சின்னத்தை விட்டுட்டு சுயேச்சையா நின்னா என்ன?" பேரூராட்சிகளில் அந்தத் தேர்தலிலேயே சுயேச்சைகள் நூற்றுக்கணக்கில் ஜெயித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பலர் சின்னமில்லாமலே ஊரில் செல்வாக்கு உள்ளவர்கள்.

நோட்டைத் திறந்து பாருங்கள். "நம்ம வீடு" என்று குறித்ததில் எத்தனை வீடு சின்னத்துக்காகப் போடுபவை, எத்தனை வேட்பாளர் முகத்துக்காகப் போடுபவை? எங்கள் 205-ல் ஏறத்தாழ 130 சின்னத்துக்கு விழுபவை. சின்னம் மாறினால் வயதானவர்கள் பழக்கத்தில் பழைய பொத்தானைத் தேடுவார்கள். அதனால் சின்னத்தோடு நின்றோம். உங்கள் கணக்கு தலைகீழாக இருந்தால் சுயேச்சையாக நில்லுங்கள்.

சின்னம் என்றால், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சித் தலைமை கையெழுத்திட்ட ஏ, பி படிவங்கள் உரிய நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போக வேண்டும். "மாவட்டத்துல இருந்து கொடுத்தனுப்பிட்டாங்க, வந்துக்கிட்டே இருக்கு" என்ற பேச்சை நம்பி உட்காராதீர்கள். ஆளை அனுப்பிக் கையில் வாங்குங்கள். சுயேச்சை என்றால் பட்டியலில் உள்ள பொதுச் சின்னங்களில் உங்களுக்கு வேண்டியதை வரிசைப்படுத்தித் தர வேண்டும். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். வாயால் சொன்னதும் கண்ணில் தெரியும் சின்னமாகக் கேளுங்கள். பெயரைச் சொல்லி, பிறகு படத்தையும் காட்டி விளக்க வேண்டிய சின்னம் பத்து நாள் பிரச்சாரத்துக்கு ஆகாது.

4. மனுத்தாக்கல்: ஆவணங்களும் பொறிகளும்

அந்தத் தேர்தலில் அறிவிப்பு ஜனவரி 26. மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. 5-ம் தேதி பரிசீலனை, 7-ம் தேதி வாபஸ். 19-ம் தேதி ஓட்டுப்பதிவு. அதாவது அறிவிப்பிலிருந்து ஓட்டுப்பதிவு வரை 24 நாள். ஆவணங்களை அறிவிப்புக்குப் பிறகு திரட்டத் தொடங்கினால் அந்த நாட்களில் பாதி அலுவலக வாசலில் போய்விடும்.

டெபாசிட், பேரூராட்சிக்கு 1,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இதில் பாதி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

வேட்பாளருக்கு வயது 21 முடிந்திருக்க வேண்டும், பேரூராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். இருவருடைய பாகம் எண், வரிசை எண் இரண்டையும் புதிய பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். பழைய வாக்காளர் சீட்டைப் பார்த்து எழுதி மனு தள்ளுபடியானவர்களைக் கண்ணால் பார்த்தேன்.

வரி நிலுவை இல்லை என்ற சான்று: சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள், வாதாடிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. பேரூராட்சியில் காண்ட்ராக்ட் எடுத்தவர்களுக்குத் தகுதிச் சிக்கல் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது எடுத்திருந்தால் முன்கூட்டியே வக்கீலிடம் கேளுங்கள்.

உறுதிமொழிப் பத்திரம்: வழக்குகள், சொத்து, கடன், படிப்பு. நோட்டரி கையெழுத்து வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள்.

பெண் வேட்பாளர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அண்ணியின் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். வாக்காளர் பட்டியலில் அண்ணனின் இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை, பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இவங்க மூணும் ஒரே ஆள்னு என்ன ஆதாரம்?" என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் அலுவலர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. நல்லவேளை, நோட்டரி போட்டுக்கொடுத்த அம்மா, "எதுக்கும் இருக்கட்டும்மா" என்று மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுக் கொடுத்திருந்தார். அதை நீட்டினோம். மனு ஏற்கப்பட்டது. அந்தத் தாளுக்கு ஆன செலவு 150 ரூபாய்.

ஒரு செட்டுக்கு இரண்டு செட்டாக மனு போடுங்கள். முதல் நாளே போகவும் வேண்டாம், கடைசி நாள் வரை இழுக்கவும் வேண்டாம். கடைசி நாள் கூட்டத்தில் குறை இருந்தால் சரிசெய்ய மணி இருக்காது. உங்கள் மனு தள்ளுபடியானால் நிற்க மாற்று வேட்பாளர் ஒருவரும் மனு போட்டிருப்பது நல்லது. எங்களுக்கு மாற்றாகப் போட்டது என் மனைவி.

5. வாபஸ் நாளுக்குள் உள்ளடியைத் தீர்த்துவிடுங்கள்

எதிர்க்காற்றில் வெளியாளைவிட உள்ளாள்தான் அதிகம் கெடுப்பார். சீட்டு கிடைக்காத கோபத்தில் இருப்பவர், "எப்படியும் தோக்கப்போறோம், அவங்களோட தோக்கட்டும்" என்று சும்மா இருந்துவிடுவார். சும்மா இருப்பதுதான் உள்ளடி வேலையிலேயே மோசமானது, கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. அவர் வீட்டுக்கு வேட்பாளர் நேரில் போக வேண்டும். ஏஜெண்ட் போய்ப் பயனில்லை. ஒரு தெருவை அவர் பொறுப்பில் விடுங்கள், பெயரைச் சொல்லிப் பொதுவில் விடுங்கள்.

இன்னொன்று: உங்கள் வேட்பாளரின் பெயரிலேயே ஒரு சுயேச்சை முளைப்பார். எங்களுக்கும் முளைத்தார், 29 ஓட்டு வாங்கினார். வித்தியாசம் 14 என்பதை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அவரை ஒன்றும் செய்ய முடியாது. நோட்டீஸ் முழுக்கப் பெயரைச் சின்னதாகவும் சின்னத்தைப் பெரிதாகவும் போடுங்கள். நாங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டோம்.

6. பிரச்சாரம்: பத்து நாள்தான்

வாபஸ் முடிந்தது 7-ம் தேதி மாலை. பிரச்சாரம் ஓய்ந்தது 17-ம் தேதி மாலை 6 மணி. நடுவில் பத்து நாள். அதை எல்லாத் தெருவுக்கும் சமமாகப் பங்கிடாதீர்கள்.

"நம்ம வீடு" இரண்டு தடவை: ஒன்று ஆசி வாங்க, ஒன்று ஸ்லிப் கொடுக்க. "அவங்க வீடு" ஒரே தடவை, கும்பிட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கே நின்று வாதம் செய்தால் அவர்களுக்கு ரோஷம் வரும், சோம்பேறித்தனமாக இருந்தவரும் காலையில் முதல் ஆளாக வரிசையில் நிற்பார். மீதி நேரம் முழுவதும் மதில் மேல். நாங்கள் அந்த வீடுகளுக்கு நான்கு தடவை போனோம்: அண்ணி இரண்டு தடவை, அந்த வீடு யார் சொன்னால் கேட்குமோ அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை.

என்ன பேசுவது? மேலே நடக்கும் அரசியலைத் தொடாதீர்கள். அந்தப் பேச்சில் காற்று யார் பக்கமோ அவர்தான் ஜெயிப்பார். எங்கள் வார்டில் சாக்கடை அடைப்பும், கடைசித் தெருவுக்கு வராத தண்ணீரும், எரியாத மூன்று விளக்கும்தான் பேச்சு. அந்த மூன்று விளக்குக் கம்பத்தின் எண்ணையும் அண்ணி மனப்பாடமாகச் சொல்வார். எதிர் வேட்பாளருக்கு அது தெரியாது.

ஆனால் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. இரண்டாம் நாளே வந்தது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒரு அம்மா கேட்டார்: "நீ நல்ல பொண்ணுதான், எனக்குத் தெரியாதா? ஆனா ஆளுங்கட்சிக்காரங்க வந்தாத்தானே நமக்கு ஏதாச்சும் நடக்கும்?" அண்ணிக்கு வாயடைத்துவிட்டது. சிரித்துச் சமாளித்தார். அங்கே நின்ற ஆறு குடமும் அந்தச் சிரிப்பைப் பார்த்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து பதில் தயாரித்தோம். பேரூராட்சிக் கவுன்சிலருக்கு எம்.எல்.ஏ. தொகுதி நிதி மாதிரித் தனி நிதி கிடையாது. பணம் பேரூராட்சிக்கு வருகிறது, நிதிக்குழு மானியம் உட்பட. எந்தத் தெருவுக்கு என்பது மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகப் போகிறது. இதைப் பாடமாக நடத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். நாலாம் நாள் அதே குழாயடியில் அண்ணி சொன்னது: "பதினஞ்சு பேர்ல பதினாலு பேர் கை தூக்குறவங்களா இருந்தா, நம்ம தெரு பேரு அஜெண்டாவுல இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேண்டாமா அத்தை? அஞ்சு வருஷமா நம்ம குழாய்க்கு எந்தத் தீர்மானமும் போடலை. நான் எழுதிக் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய தாளைக் காட்டினார். அந்த அம்மா தாளைப் படிக்கவில்லை, ஆனால் கையில் வாங்கிப் பார்த்தார். உங்களுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். பதில் வர 30 நாள் ஆகும் என்பதால் அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பே மனு போட்டு வையுங்கள்.

பெரிய தலைவரைக் கூட்டிவராதீர்கள். கட்சியில் கேட்டார்கள் என்று மாவட்டப் பிரமுகர் ஒருவரை வரவழைத்தோம். ஐந்து கார், மாலை, மைக். அவர் முக்கால் மணி நேரம் மாநில அரசியல் பேசினார். அதுவரை "அண்ணியம்மா" தேர்தலாக இருந்தது அன்று மாலையே கட்சித் தேர்தலாகிவிட்டது. மறுநாள் மதில் மேல் வீடுகளில் கதவு பாதிதான் திறந்தது. கார் செலவும் நம் கணக்கில் எழுத வேண்டி வரும் என்பது உபரி வருத்தம்.

7. பணம்

செலவு உச்சவரம்பு அப்போது பேரூராட்சி வார்டுக்கு 17,000 ரூபாய். எங்கள் கணக்கு: நோட்டீஸ் 3,800, மைக் கட்டிய ஆட்டோ மூன்று நாள் 4,500, டீ, வடை 4,200, ஓட்டுப்பதிவு நாள் சாப்பாடு 2,100, பட்டியல் நகல் 640. மொத்தம் 15,240. இதில் மிகவும் உபயோகமாக இருந்தது அந்த 640. ஆட்டோவால் ஒரு ஓட்டு வந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், எத்தனை பிரதி என்பது கட்டாயம். சுவரில் எழுதுவதையும் ஒட்டுவதையும் மறந்துவிடுங்கள், வழக்கில் போய் முடியும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் பறக்கும் படைக்கு ஆவணம் காட்ட வேண்டும். இது கல்யாணத்துக்கு நகை வாங்கப் போகும் உங்கள் மாமாவுக்கும் பொருந்தும், வீட்டில் சொல்லிவையுங்கள்.

கடைசி இரண்டு ராத்திரி எதிர்த்தரப்பில் கவர் போகும். நீங்களும் கொடுக்கலாமா என்ற பேச்சு உங்கள் திண்ணையிலேயே எழும். கொடுப்பது குற்றம், பதவியே போகும். அதோடு, காசுப் போட்டியில் ஆளும் தரப்பை வார்டு வேட்பாளர் முந்த முடியாது. ஆனால் வாங்கியவர்களைத் திட்டாதீர்கள். எங்கள் பையன் ஒருவன் தெருவில் நின்று, "ஐநூறு ரூபாய்க்கு வித்துட்டீங்களே" என்று கத்தினான். வாங்கிவிட்டும் எங்களுக்குப் போடுவதாக இருந்த வீடுகள் அவை. அவமானப்பட்டவர் திரும்பி வரமாட்டார்.

8. வெளியூர் ஓட்டும் ஓட்டுப்பதிவு நாளும்

2022 பிப்ரவரி 19 சனிக்கிழமை. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் 26 பேர். வந்தது 11. நாங்கள் போன் செய்தது வியாழக்கிழமை! வாரக் கடைசியில் லீவு சொல்ல இரண்டு நாள் போதுமா? தேதி அறிவித்த அன்றே கூப்பிட வேண்டும், அம்மாவையோ தம்பியையோ விட்டுப் பேசவைக்க வேண்டும். வாக்காளருக்கு வண்டி பிடித்துக் கொடுப்பதும் டிக்கெட் போடுவதும் கூடாது.

பூத் ஏஜெண்டுகள் அந்த வாக்குச்சாவடி ஆட்களையே நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். காலை மாதிரி ஓட்டுப்பதிவின்போதே உள்ளே இருக்க வேண்டும். மெஷின் எண், முத்திரை எண் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்று ஏஜெண்ட் இல்லாமல் ஒருவரை மட்டும் போடாதீர்கள். எங்கள் ஆள் மத்தியானம் சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில் வந்தவர்களை யாரும் குறிக்கவில்லை. அதனால் மூன்று மணிக்கு யார் இன்னும் வரவில்லை என்ற பட்டியல் ஓட்டையாகிப் போனது. அந்தப் பட்டியல்தான் அன்றைய நாளின் உயிர்: மூன்று மணிக்கு "நம்ம வீடு"களில் வராதவர்கள் பெயரை வெளியே அனுப்பி, வீடு வீடாகக் கூப்பிட வேண்டும்.

9. எண்ணும் இடம்

பேரூராட்சி வார்டு எண்ணிக்கை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தபால் ஓட்டுக்குத் தனியாக ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தள்ளுபடியான ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். மறு எண்ணிக்கை வேண்டுமானால் முடிவு அறிவித்துக் கையெழுத்தாகும் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். வேட்பாளர் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் மனுவை எழுதிச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள், எண்ணை மட்டும் அங்கே நிரப்பலாம். நான் 14 என்று கேட்டதும் அதிர்ந்து, பேனா தேடி, கட்சி வக்கீலுக்கு போன் அடித்து முடிப்பதற்குள் அடுத்த வார்டு மெஷின் மேஜைக்கு வந்துவிட்டது. எண்ணியிருந்தால் மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. இரு தரப்பும் சமமாக வந்தால் குலுக்கல் என்பதையும் வேட்பாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

10. தோற்றாலும் கணக்கு ஒப்படையுங்கள்

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர், டெபாசிட் போனவர் எல்லாருக்கும் இது உண்டு. தோற்ற துக்கத்தில் விட்டுவிட்டால் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் வரும். இடையில் ஒரு இடைத்தேர்தல் வந்தால் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். பில்களை அன்றன்றே ஒரு கவரில் போட்டு வையுங்கள். டீக்கடையில் பில் தரமாட்டார்கள், துண்டுச்சீட்டில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு, "அம்மா ஜெயிக்கலையே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டார் அங்கிருந்த எழுத்தர். நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அது இப்போது நோட்டில், வாய்க்கால் தெரு ஏழு வீட்டின் பக்கத்தில் பின் செய்து இருக்கிறது. அந்த வீடுகளை எங்கள் வார்டுக்கே மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்த மனுவின் நகலும் அதோடு இருக்கிறது.